இப்படியே போக ஏலாது என்று தெரிந்த பிறகு ஆளாளுக்கு என்ன செய்கிறீர்கள்?

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

வணக்கம். கடனிலும் எண்ணெயிலும் ஓடுகிற இந்த வாழ்க்கை எங்களுக்கும் தாங்காது, காலநிலைக்கும் தாங்காது என்றால் ஆளாளுக்கு எதைக் குறைப்பது? கனநாளாக மனதில் கிடக்கிற கேள்வி இது. இங்கே கமக்காரர், கடலுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டவுனில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல். சம்பளத்தில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள் லீசிங், போன் தவணை, வீட்டை முடிக்க எடுத்த கடன் என்று போய்விடுகிறது. வயலுக்கு உழவு, விதைநெல், பசளை, களைக்கு ஒரு மருந்து, பூச்சிக்கு ஒரு மருந்து, கடைசியில் வெட்டு மெசின். இதில் ஒன்றுகூட எங்கள் வளவில் இருந்து வருவதில்லை. எல்லாம் டீசலில் ஓடுகிறது, இல்லாவிட்டால் கப்பலில் வந்து இறங்குகிறது. அறுவடை நேரம் விலை விழும் என்று தெரிந்தும் ஈரநெல்லாகவே கொடுத்துவிடுகிறோம், ஏனென்றால் மருந்துக்கடைக் கணக்கை உடனே கட்ட வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. கியூஆர் எரிபொருள் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். காஸ் சிலிண்டர் 4,860 ரூபா, அதுவும் கிடைத்தால். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பழைய சைக்கிளை எடுத்துத் திருத்தினார்கள், வளவுக்குள் மரவள்ளி நட்டார்கள், இனிமேல் இப்படித்தான் என்று கதைத்தார்கள். 2023 செப்டெம்பரில் கியூஆர் எடுபட்டது. மரவள்ளி நின்ற இடத்தில் இப்போது கல் பதித்திருக்கிறார்கள்.

அரசாங்கம் என்ன செய்ய வேண்டும், உலக நாடுகள் என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு இழையில் கதைக்கலாம். நான் கேட்பது, நீங்கள் உங்கள் அளவில் எதை விட்டீர்கள், எதை விடவில்லை, ஏன்? வேலையை விட்டுவிட்டு வயலோடு இருந்துவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. மனைவிக்கு அதில் விருப்பமில்லை.

பொடியன்98 (விசுவமடு)

அண்ணை, கோபிக்க வேண்டாம். சிக்கனமாக வாழுங்கள் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. 2009 இல் போரின் கடைசியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளை நான். என் வயதுக்காரர் பலருக்கு முதல் மோட்டார் சைக்கிள்தான் முதல் சொத்து. நான் வேலை முடிந்து வரும்போது பஸ் இல்லை. அதை விட்டுவிட்டு எதில் வருவது?

இன்னொன்று. இலங்கையில் ஒரு ஆள் வருடத்துக்கு வெளியேற்றுகிற கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு தொன். கனடாவில் அது பத்து மடங்குக்கும் மேல். குறைக்க வேண்டியவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். நாங்கள் இப்போதுதான் கொஞ்சம் நிமிர்கிறோம்.

பூவரசு (மல்லாவி)

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் இங்கே, போர் நேரம் அரசாங்கம் சாமான்களை வன்னிக்குள் விடாமல் மறித்த பொருளாதாரத் தடைக்காலத்தில் படித்து, இங்கேயே படிப்பிக்கிறவள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெய் விட்ட விளக்கில்தான் சோதனைக்குப் படித்தோம். பற்றறி வர விடமாட்டார்கள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவில் மற்றவர்கள் செய்தி கேட்டோம். மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், தெரு முழுக்கப் புகை. இதையெல்லாம் இன்று சிலர் ஏதோ பொற்காலம் போல எழுதுகிறார்கள். அதே காலத்தில் மருந்து இல்லாமல் செத்தவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். ஒருவன் கையைப் பிடித்து முறுக்கி வைத்த எளிமையை நான் ஒருநாளும் புகழ மாட்டேன்.

ஆனால் தம்பி, 2002 இல் ஏ9 வீதி திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய பிறகு நாங்கள் விட்டவை எல்லாம் தடையால் வந்தவை அல்ல. அருவி வெட்டுக்கு ஒருவர் வயலுக்கு மற்றவர் போவது தடைக்கு முந்தியது. கல்யாண வீட்டுக்கு ஊர்ப் பெண்கள் கூடித் தேங்காய் துருவிச் சமைப்பது அதற்கும் முந்தியது. அவற்றை ஒருவரும் எங்களிடம் இருந்து பறிக்கவில்லை. கையில் காசு வந்ததும் கூலிக்கு ஆள் பிடித்தோம், கேற்றரிங்குக்கு ஓடர் கொடுத்தோம். காசு முடிந்ததும் அதே வேலைக்குக் கடன் எடுத்தோம்.

நான் விட்டது ஒன்றைச் சொல்கிறேன். மகளின் சாமத்திய வீட்டை (பூப்புனித நீராட்டு விழா) மண்டபத்தில் வைக்கவில்லை. எங்கள் முற்றத்தில் பந்தல், வாழையிலைச் சாப்பாடு, மாமன் வீட்டுச் சீர், அவ்வளவுதான். ட்ரோன் இல்லை, குதிரை வண்டி இல்லை, ஆளுயரப் படம் இல்லை. ஒரு மச்சாள் இன்றைக்கும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வெளிநாட்டில் இருந்து காசு தருகிறோம் என்றவர்களுக்கு அது மானப்பிரச்சினையாகப் போய்விட்டது. ஆனால் அடுத்த வருடம் எங்கள் வீதியில் இரண்டு குடும்பங்கள் அப்படியே செய்தார்கள். அவர்களுக்கும் அதே யோசனைதான் இருந்தது, யார் முதலில் செய்வது என்ற பயம் மட்டும்தான் தடுத்தது.

சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் தாள், லஞ்சீற், 2017 செப்டெம்பர் 1 இல் இருந்தே தடை. இன்றும் கடைகளில் அதில்தான் பார்சல் கட்டுகிறார்கள். நான் பெட்டி கொண்டு போகிறேன். இது சின்ன விஷயம், இதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. கடனுக்குள் தள்ளுகிற பழக்கங்களை விடுவதுதான் பெரிது.

எள்ளுப்பூ (புதுக்குடியிருப்பு)

பூவரசு அக்கா சொன்ன கடன் விஷயத்தை நான் கொஞ்சம் விரிக்கிறேன்.

இங்கே போருக்குப் பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோது கொடுத்த காசு 550,000 ரூபா. சீமெந்து, மணல், ஓடு எல்லாம் ஏறிய காலம். வரைபடத்தில் இருக்கிற வீட்டை அந்தக் காசில் முடிக்க முடியாமல் நகையை வைத்தவர்கள் எத்தனை பேர். பிறகு குழுக்கடன் வந்தது. ஐந்து பெண்களைச் சேர்த்து ஒருவருக்கு ஒருவர் பிணை. கிழமைக்கு ஒருநாள் காலையில் மரத்தடியில் கட்டுக்காசு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவளுடைய வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன். 2018 இல் வரட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

நான் தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்க்கிறவள். என்னிடம் வந்து கார்பன் என்று சொன்னால் எனக்கு அது தூரத்துக் கதை. ஆனால் "நாளைக்கு உழைக்கப்போவதை இன்றைக்கே செலவழிக்கிற வாழ்க்கை" என்று சொன்னால் உடனே விளங்கும். குழுக்கடனில் இருந்து வெளியே வந்து, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே முதலில் சேமிக்க வேண்டும், பிறகுதான் கடன். இப்போது வளவில் கச்சான், எள்ளு, கொஞ்சம் உழுந்து. எள்ளைச் செக்கில் ஆட்டி நல்லெண்ணெய் போத்தலாகவே விற்கிறேன், எள்ளாகக் கொடுப்பதில்லை.

வாய்க்கால்கரை அண்ணா, வேலையை விடுகிற யோசனைக்கு முதல் உங்கள் மனைவியைக் கூப்பிட்டு வைத்துக் கணக்கை இரண்டு பேருமாக எழுதுங்கள். ஆண்கள் எடுக்கிற இலட்சிய முடிவுகளின் பாரம் அனேகமாக அடுப்படியில்தான் இறங்கும். காஸ் வேண்டாம், விறகு போதும் என்று நீங்கள் முடிவெடுத்தால் புகையைக் குடிப்பது யார்?

மேட்டுக்காணி (ஒட்டுசுட்டான்)

தங்கச்சியின் கடைசிப் பந்தியை எல்லோரும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

தம்பி வாய்க்கால்கரை, நீ கேட்ட வயல் கதைக்கு வருகிறேன். நான் முழுநேரக் கமக்காரன். இயற்கை விவசாயம் என்றால் ஆசைதான், ஆனால் கணக்கில்லாமல் அதில் இறங்கக் கூடாது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்கிடையில் காலபோகம் (மாரி மழைப் போகம்) விதைத்தவன் பட்டது போதும். ஒரு காலத்தில் மானியத்தில் 350 ரூபாவுக்கு வாங்கிய யூரியா மூடை அடுத்த வருடம் பல ஆயிரக்கணக்கில் போனது. அதைப் பார்த்தவன் ஒருவனும் யூரியாவை நம்பி வாழலாம் என்று சொல்ல மாட்டான். ஒரேயடியாக விடலாம் என்றும் சொல்ல மாட்டான்.

ஏன் என்று பார். 50 கிலோ யூரியாவில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. காய்ந்த மாட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. அப்படியென்றால் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஒன்றரைத் தொன்னில் இருந்து இரண்டு தொன்னுக்கு மேல் எரு வேண்டும். மூன்று ஏக்கருக்கு எத்தனை தொன் என்று நீயே பெருக்கிப் பார். எரு எங்கே? எங்கள் பக்கத்து மாட்டெரு லொறி லொறியாக ஏற்றுப்பட்டு யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குப் போகிறது. மாடு வைத்திருக்கிறவனுக்கு மேய்ச்சல் தரை இல்லை, காலபோகம் வந்தால் மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று அலைகிறான். எருவை விற்றால்தான் அவனுக்கு வருமானம். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே நான் செய்வது இதுதான். முதலாவது, வைக்கோலைக் கொளுத்துவதில்லை. வெட்டு மெசின் போட்டுவிட்டுப் போகிற வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நெற்பயிர் எடுக்கிற பொட்டாசியத்தில் முக்கால் பங்குக்கு மேல் வைக்கோலில்தான் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியதைக் கொளுத்திவிட்டு அடுத்த போகத்துக்கு மறுபடி காசு கொடுக்கிறோம். நான் அதை வயல் முழுக்கப் பரவிவிட்டு, மழை விழுந்ததும் உழுது தாழ்க்கிறேன். வேலியெல்லாம் கிளிசறியா மரம். அதன் குழையை வெட்டிச் சேற்றில் மிதித்தால் நைதரசன். காலபோகம் வெட்டியதும் மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே பயறு, இரண்டு மாதம் அளவில் காய் பிடுங்கலாம், வேர் மண்ணுக்கு மிச்சம். இப்படிச் செய்து யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன். பூச்சியமாகவில்லை, இந்தக் காணியில் இப்போதைக்கு ஆகவும் மாட்டாது.

வேலையை விடாதே. கடனோடு கமத்துக்கு வருகிறவன் மருந்துக்கடைக்காரர் சொல்கிறதைத்தான் விதைப்பான், அவர் சொல்கிற விலைக்குத்தான் விற்பான். முதலில் லீசிங்கை முடி. அதுவரைக்கும் அப்பாவிடம் அரை ஏக்கரைக் கேட்டு வாங்கு.

இன்னொன்று சொல்ல வேண்டும். தனி ஆள் குறைத்து என்ன பயன் என்று பொடியன் கேட்பது போல எல்லோரும் கேட்கிறார்கள். இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல். குளத்துத் தண்ணீரில் செய்கிற கோடைப் போகம், சிறுபோகம், வந்தால் என்ன செய்கிறோம்? கூட்டம் வைக்கிறோம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு. பத்து ஏக்கர் இருக்கிறவனும் பங்குக்குத்தான் விதைக்கலாம். சண்டை வரும், களவாக விதைப்பவனும் இருப்பான். ஆனால் இருக்கிற தண்ணீருக்குள்தான் விதைக்க வேண்டும் என்பதை ஒருவனும் மறுப்பதில்லை. வரம்புக்குள் வாழ்வது எப்படி என்று எங்களுக்கு வெளியில் இருந்து யாரும் வந்து வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தை டீசலுக்கும் கடனுக்கும் வைக்கத்தான் இன்னும் பழகவில்லை.

கடல்கடந்தவன் (ரொறன்ரோ)

பொடியன்98 சொன்ன கணக்கு சரி. இங்கே பனிக்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்க எரிவாயு, வேலைக்குப் போக ஆளுக்கொரு கார், கோடை விடுமுறைக்கு ஊருக்கு விமானம். நான் இங்கே எவ்வளவு குறைத்தாலும் ஊரில் இருக்கும் என் தம்பியின் அளவுக்கு இறங்க மாட்டேன். அதனால் குறைக்க வேண்டிய கடமை முதலில் எனக்கு, அதில் விவாதம் இல்லை. சின்ன வீட்டிலேயே இருக்கிறோம், ஒரு கார் மட்டும், ஊர்ப் பயணத்தைத் தள்ளித் தள்ளி வைத்து வரும்போது அதிக நாள் நிற்கிறோம்.

என் சங்கடம் வேறு. நான் அனுப்புகிற காசு அங்கே என்ன செய்கிறது? ஆட்கள் இல்லாத வீட்டுக்கு மேல்மாடி கட்டினார்கள். அதற்கு வந்த மணல் எந்த ஆற்றில் அள்ளியது என்று நான் கேட்டேன், பதில் வரவில்லை. காசை நிறுத்தினால் கோபம். அனுப்பினால் இப்படி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பூவரசு (மல்லாவி)

காசை நிறுத்த வேண்டாம் தம்பி. எதற்கு என்று கேட்டுக் கொடுங்கள். கடனை அடைக்க, கிணறு இறைக்க, பிள்ளையின் படிப்புக்கு, நெல்லைக் காயவைத்து வைத்திருக்க ஒரு களஞ்சிய அறைக்கு என்றால் கொடுங்கள். மண்டபத்துக்கும் மேல்மாடிக்கும் என்றால் மறுத்துவிடுங்கள். மறுக்கிறவருக்குக் கெட்ட பெயர் வரும். அந்தப் பெயரைத் தாங்க உங்களால்தான் முடியும், இங்கே இருக்கிற உங்கள் தம்பியால் முடியாது.

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

கமத்துக்குக் கூட்டம் இருக்கிறது, பங்கு இருக்கிறது. கடலுக்கு வரம்பு கட்ட முடியாது. எங்கள் நிலைமையையும் கேளுங்கள்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபா. வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஒருதரம் போய்வரும் எண்ணெய்க் காசுக்கு மீன் விழாவிட்டால் நட்டம். அப்போதுதான் ஆட்கள் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிற பக்கம் போனார்கள். இரவில் பெரிய லைற் போட்டால் குஞ்சும் குருமானுமாக எல்லாம் கூடும், ஒரே வளைப்பில் அள்ளலாம். சட்டவிரோதம் என்று எல்லோருக்கும் தெரியும். வடக்குக் கடலில் இந்தியப் படகுகளின் இழுவைமடி (அடியோடு வாரி இழுக்கிற வலை), அதை இலங்கையில் 2017 இல் சட்டம் போட்டே தடை செய்தார்கள், இன்னும் வருகிறது. வெளியூர்ப் படகுகள் வேறு.

நான் லைற் போடுவதில்லை. என் அப்பா கரைவலை இழுத்தவர், எனக்குக் கடல் தெரியும், குஞ்சை அள்ளினால் அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று தெரியும். நான் விட்ட மீனை அடுத்த படகு பிடிக்கிறது. இது எனக்குத் தெரிந்தே நடக்கிறது. அதனால் எனக்கு நட்டம், கடலுக்கு இலாபம் இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஆனாலும் மீனவர் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று லைற்றை நிறுத்த வேண்டும் என்று கதைக்க, லைற் போடாதவனால்தான் முடியும். மற்றவன் வாயைத் திறந்தால் "நீயும்தானே" என்று ஒரு சொல்லில் இருத்திவிடுவார்கள். நான் விட்டதன் பிரயோசனம் அவ்வளவுதான், அது எனக்குப் போதும். இப்போது எங்களோடு இன்னும் சில படகுகள் நிற்கின்றன.

பழைய பண்ணைக்காரன் (வவுனியா)

பிள்ளைகளே, வயதானவன் ஒன்று சொல்கிறேன். 1970 இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது முத்தையன்கட்டிலும் விசுவமட்டிலும் படித்த வாலிபர்கள் காணி எடுத்து மிளகாய் நட்டுத் தலை நிமிர்ந்தார்கள். 1977 இல் சந்தையைத் திறந்ததும் விலை விழுந்து எல்லாம் போனது. சந்தையை மட்டும் நம்பி நடுகிறவனுக்கு நல்ல காலமும் அவன் கையில் இல்லை.

அதே 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் மலையகத்தில் இருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்களை வவுனியாவில் குடியேற்றியது காந்தீயம் என்ற அமைப்பு. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட் ஐயாவும் நல்ல தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பண்ணைகளில் அந்தச் சனங்களோடு நின்றார்கள். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரத்தைக் கொன்றார்கள். டேவிட் ஐயா உயிர் தப்பி, முதுமையில் 2015 இல் கிளிநொச்சியில் காலமானார். சொந்த வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர்கள் என்றால் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் எளிமையாக உடுத்ததையும் சாப்பிட்டதையும் தாண்டி, தங்கள் படிப்பை யாருக்காகப் பயன்படுத்துவது என்று தெரிவு செய்தார்கள். வாய்க்கால்கரைத் தம்பிக்கு டவுனில் கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை என்றால், அந்தக் கணக்கை உங்கள் கமக்காரர் அமைப்புக்கு இருந்து எழுதிக் கொடுக்கலாம். வேலையை விடத் தேவையில்லை.

பொடியன்98 (விசுவமடு)

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். சிக்கனத்தைப் பற்றி நான் சொன்னதில் இருந்து மாறவில்லை, பைக்கையும் விடமாட்டேன். ஆனால் கடன் கதை எனக்கும் பொருந்தும். எங்கள் வீதியில் ஒரு வீட்டுக்கு ஒரு வாட்டர் பம்பு. எல்லாம் தவணைக்கு வாங்கியது. நாளில் ஓரிரு மணித்தியாலம் ஓடும், மிச்ச நேரம் கொட்டிலில் கிடக்கும். நாலு வீட்டுக்கு ஒரு சோலார் பம்பு போட்டால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "பழுதானால் ஆர் திருத்துறது, ஆர் முதலில் இறைக்கிறது" என்று கேட்கிறா. மேட்டுக்காணி அண்ணை, சிறுபோகக் கூட்டத்தில் முறை வைப்பது போல இதற்கு எழுதி வைக்க ஏதும் வழி உண்டா?

மேட்டுக்காணி (ஒட்டுசுட்டான்)

உண்டு தம்பி. பம்பு வாங்க முதலே முறையை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தக் கிணறு, எந்தக் கிழமை யாருக்கு விடியப்புறம், திருத்தக் காசுக்கு மாதம் எவ்வளவு, பொறுப்பு யார். பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருக்கட்டும், பம்பு நீடிக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. எள்ளுப்பூ சொன்னபடி மனைவியோடு இருந்து கணக்கு எழுதினோம். வேலையை விடவில்லை. லீசிங் முடியும்வரை புதிதாக ஒரு தவணையும் எடுப்பதில்லை என்பது இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. காஸ் இருக்கும், அது மனைவியின் முடிவு. அப்பா அரை ஏக்கர் தரச் சம்மதித்தார், வைக்கோலைக் கொளுத்தாமல் விடுவதற்கு மட்டும் இன்னும் முகம் சுளிக்கிறார். பக்கத்து வயலில் வைக்கிற நெருப்பு எங்களுக்குள் வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மேட்டுக்காணி அண்ணை, அந்த அரை ஏக்கருக்குப் பாரம்பரிய நெல், மொட்டைக்கறுப்பன், போடலாமா? விதைநெல் உங்களிடம் இருக்குமா?

மேட்டுக்காணி (ஒட்டுசுட்டான்)

நெருப்புக்குப் பக்கத்து வயல்காரரோடு கதைத்து, எல்லைவரம்போடு வைக்கோலை ஒரு பாகம் (இரு கையையும் விரித்த அளவு) அகலத்துக்கு இழுத்துச் சுத்தம் பண்ணி விடு. இரண்டு பக்கமும் இழுத்தால் இன்னும் நல்லது.

மொட்டைக்கறுப்பன் உயர்ந்து வளர்கிற சாதி, மானாவாரிக்கு உரியது. வாய்க்கால் தண்ணீரும் பசளையும் கூடினால் சாயும். உன் அரை ஏக்கர் மேட்டுப் பக்கமா, வாய்க்காலோடு ஒட்டியதா என்று முதலில் சொல். மேடு என்றால் ஆவணி முடிய வா, ஒரு புசல் தருகிறேன். காசு வேண்டாம், அறுவடையில் ஒன்றரைப் புசலாகத் திருப்பித் தா, அடுத்து கேட்கிறவனுக்குக் கொடுக்க வேண்டும். சாக்கு நீ கொண்டு வர வேண்டும்.